புதுச்சேரி, கடலூரில் மாணவர் விடுதிக்கும் தட்டுப்பாடு, கொத்தனாருக்கும் தட்டுப்பாடு: என்ன செய்யலாம்?

கேள்வி இது: காலாப்பட்டு, லாஸ்பேட்டை, கோரிமேடு, கடலூர் நகரம் என்று எங்கே பார்த்தாலும் சேர்க்கை முடிந்ததும் மாணவர்கள் அறை தேடி அலைகிறார்கள். விடுதி கட்டலாம் என்றால் வேலைக்கு ஆள் இல்லை என்கிறார்கள். கல்லூரி நிர்வாகமோ, இடம் வைத்திருப்பவரோ, ஒப்பந்ததாரரோ இதில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

சுருக்கமான பதில்: இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுதி எழும்பும் 16, 17 மாதத்தில் நான்கு பேரைக் கொத்தனாராகவும் பிளம்பராகவும் எலக்ட்ரீஷியனாகவும் ஆக்கிவிடலாம். அதற்கு ஆகும் செலவு கட்டடச் செலவில் 100க்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. நடக்காமல் போவதற்குப் பணம் காரணமில்லை. டெண்டர் எழுதும் விதமும், வேலை தொடங்கும் மாதமும்தான் காரணம்.

முதலில் எத்தனை படுக்கை தேவை என்று எண்ண வேண்டும். "எல்லாரும் விடுதி கேட்கிறார்கள்" என்பதை வைத்து மதிப்பீடு போடக் கூடாது. போன வருடச் சேர்க்கைப் பட்டியலில் ஒவ்வொரு மாணவரின் ஊரையும் எடுத்து, பேருந்தில் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வருபவர்களைத் தனியே பிரியுங்கள். கடலூரிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ தினமும் வந்துபோகிறவருக்கு அறையைவிடச் சரியான நேரத்துக்கு ஒரு பேருந்துதான் முக்கியம். ஆய்வகம் முடியும் நேரத்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மாணவிகளிடம் தனியாகக் கேளுங்கள். இப்படிக் கழித்த பிறகு நிற்கும் எண்ணிக்கைதான் உண்மையான தேவை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, பக்கத்தில் பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று நான்கு நிறுவனங்கள் ஒரே சாலையை ஒட்டி இருப்பதால், ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணாமல் சேர்ந்து எண்ணுவது நல்லது.

அடுத்த ஜூலைக்குள் படுக்கை வேண்டுமென்றால் புதுக் கட்டடம் உதவாது. இருக்கும் வீடுகளைத்தான் மாற்ற வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் கடைசிக்குள் முடியும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, கட்டில் எத்தனை கொள்ளும் என்று மட்டும் பார்ப்பது. 10 அடிக்கு 12 அடி அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு அலமாரி போக நடக்க இடம் இருக்கும். மூன்றாவது கட்டில் போட்டால் மேசை வெளியே போகும், படிப்பும் அதனோடு போகும்.

அறையைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரிலும் கழிவிலும் வரும். விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 20 பேர் என்றால் 2,700 லிட்டர். சாதாரண வீட்டு மாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டி. காலை ஏழு மணிக்கே அது காலி. ஐந்து பேர் குடும்பத்துக்கென்று கட்டிய செப்டிக் டேங்கில் 20 பேரை விட்டால் கசடு தங்கிப் படிய நேரம் இருக்காது. அழுக்குத் தண்ணீர் நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது கழிப்பறை பின்னுக்குத் தள்ளும். ஆக, வாடகை பேசுவதற்கு முன்னால் டேங்கின் மூடியைத் திறந்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்துவிடுங்கள். 50 பேருக்குச் சுமார் 10,000 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 20 பேருக்கு அந்த விகிதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தளத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். பிள்ளைகள் இண்டக்‌ஷன் அடுப்பும் இஸ்திரிப்பெட்டியும் மாட்டத்தான் செய்வார்கள். தடை எழுதி ஒட்டுவதைவிட, அந்த பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியில் தனி சர்க்யூட் இழுப்பதே பாதுகாப்பு. வெளிவாசலில் கம்பிக் கதவைப் பூட்டி வார்டன் சாவியை எடுத்துப்போகும் பழக்கத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இரவில் தீப்பிடித்தால் இறங்க வேறு வழி இருக்காது.

சட்ட விஷயம் இரண்டு. கடலூர் மாவட்டத்தில் மாணவியருக்குத் தனியார் விடுதி நடத்தினால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது, அங்குள்ள உள்ளாட்சி, திட்டக்குழும விதிகள்தான். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் 2024 ஜூலையிலிருந்து வரிவிலக்கு உண்டு. ரசீதும் தங்கிய தேதியும் பதிவேட்டில் இருந்தால் போதும்.

இனி புதுக் கட்டடம். கணக்குக்கு 48 படுக்கை விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தரைத்தளமும் இரண்டு மாடியும், தளத்துக்கு 8 அறை, அறைக்கு இருவர். படுக்கைக்கு 200 சதுர அடி வீதம் (நடைபாதை, கழிப்பறை, படிக்கட்டு எல்லாம் சேர்த்து) மொத்தம் 9,600 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 2 கோடியே 40 லட்சம்.

இந்தக் கரையில் வேலையை ஜனவரியில் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை ஏறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அஸ்திவாரக் குழியை ஆகஸ்டில் தோண்டினால் அந்த மழை அதில்தான் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் அஸ்திவாரம். மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் மூன்று தளமும் கான்கிரீட் ஒட்டுப் போட்டுவிடலாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை செங்கல் கட்டு, மொட்டைமாடித் தளவரிசை. மழை மூன்று மாதமும் கூரைக்குக் கீழே உள்பூச்சு, பைப், வயரிங். தையில் டைல்ஸ், பெயின்ட். மே மாதம் ஆய்வும் சான்றிதழும். ஜூனில் சேர்க்கை.

இந்த அட்டவணையில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஐ.டி.ஐ. ஆண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது, தேர்வு முடித்த பிள்ளைகள் அந்த வாக்கில்தான் வெளியே வருகிறார்கள். அப்போது நம் கட்டடத்தில் நடப்பது செங்கல் கட்டு. அதை ஒட்டிச் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பதும், பூச்சும், டைல்ஸும் வரிசையாக வரும். கொத்து, பிளம்பிங், மின்சாரம் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு மாதம் கிடையாது.

கான்கிரீட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே கட்டடங்கள் உயிரை விடுவது அங்கேதான். கடற்காற்றுக்கு நேரே நிற்கும் பகுதிக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது எம் 30 வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது. வீட்டு வேலையில் பழகிய கை எம் 20 கலவை போடும், கவருக்கு உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்கும். கம்பி அந்த ஜல்லியிலிருந்து நழுவிப் பலகையில் உட்காரும். உப்பு ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துச் சன்ஷேடின் அடிப்பகுதி பெயர்ந்து விழும். காலாப்பட்டு, தேவனாம்பட்டினம் பக்கம் பழைய வீடுகளைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால் இது தெரியும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும், பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு கவர் பிளாக்கைச் சேமித்ததன் விலை அது.

0.45 என்பது களத்தில் என்னவென்றால், 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர். அதுவும் மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 95 கிலோ மணல் விழும். மணலில் 4 சதவீதம் ஈரம் இருந்தால் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிக்சரில் ஊற்ற வேண்டியது 18லிருந்து 19 லிட்டர்தான். கலவை இறுக்கமாக இருக்கிறது, ஓடமாட்டேன் என்கிறது என்று ஐந்து லிட்டர் கூட ஊற்றினால் விகிதம் 0.55க்குப் போய்விடும். எம் 30 என்று எழுதியது காகிதத்தோடு நின்றுவிடும். ஓடவில்லை என்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் ரசாயனம் சேர்க்க வேண்டும், தண்ணீரை அல்ல. கல்லூரி சார்பில் நிற்கும் மேற்பார்வையாளர் வேறெதையும் பார்க்காவிட்டாலும், மிக்சர் பக்கத்தில் அளவு கோடு போட்ட வாளி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும்.

போர்வெல் தண்ணீரை ஒரு முறை சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது. கரையோர போர்வெல்களில் கோடையில் உப்பு ஏறும், மார்ச்சில் சரியாக இருந்தது மே மாதம் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கத் தண்ணி கட்டுவதற்கும் அந்த உப்புத் தண்ணீர் வேண்டாம். பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், 14 நாள் என்றால் நிம்மதி. தூணுக்கு ஈரச்சாக்கு சுற்ற வேண்டும், காலையும் மாலையும் ஹோஸில் அடித்துவிட்டுப் போவது சித்திரை வெயிலில் அரை மணி நேரம்கூட நிற்காது. தளத்தைத் தாங்கும் முட்டுப் பிரிப்பதற்கு 4.5 மீட்டருக்குட்பட்ட தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது சாதாரண சிமென்டுக்கான குறைந்தபட்சம். பி.பி.சி.க்கு அதைத் தாண்டிக் கொடுங்கள். ஒரு தளத்துக்கு உத்திரத்தோடு சேர்த்து 50 கன மீட்டர் வரை விழும், அதற்கு வலிமைச் சோதனைக்கென்று 4 மாதிரி, மாதிரிக்கு 3 கட்டி, ஆக 12 கியூப் எடுக்க வேண்டும். அவற்றை அந்தந்த வண்டியிலிருந்தோ மிக்சரிலிருந்தோ இடையிடையே எடுக்க வேண்டும். கடைசியில் தனியாக நன்றாகக் குழைத்து எடுத்த கியூப் யாரையும் காப்பாற்றாது.

மனை உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி வேண்டும். நிலம் வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

இனி ஆள் விஷயம். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் கொத்து வேலைக்கு வருவதில்லை என்று எல்லாரும் வருத்தப்படுகிறோம். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) விதிகளின் 2019 திருத்தப்படி குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000லிருந்து 9,000 வரை, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000. சித்தாளாகப் போனால் அந்தத் தொகை பத்துப் பன்னிரண்டு நாள் கூலியிலேயே கைக்கு வந்துவிடும். வீட்டில் கஷ்டம் உள்ள பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி சொல்வது குறைந்தபட்சம்தான், கூடக் கொடுக்கத் தடையில்லை. முதல் மூன்று மாதம் ஒரு தொகை, திறன் தேர்வில் தேறியதும் கூடுதல் தொகை என்று படி வைத்தால் நிற்பார்கள்.

சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து, தன் ஆள்பலத்தில் 2.5லிருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவர்கள் விரும்பினால் எடுக்கலாம். நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் பலரிடமும் ஏட்டில் இருப்பது ஏழெட்டுப் பேர், மற்றதெல்லாம் மேஸ்திரியின் ஆட்கள். சட்டம் அவர்களைத் தொடாது. டெண்டர்தான் தொட முடியும்.

"ஒப்பந்ததாரர் பயிற்சி அளிக்க வேண்டும்" என்று நிபந்தனைப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் எதுவும் நடக்காது. ஒழுங்காகப் பயிற்சிச் செலவைச் சேர்த்து விலை போட்டவர் தோற்பார், சேர்க்காதவர் வேலையை எடுப்பார். அதனால் வேலை அளவுப் பட்டியலிலேயே பயிற்சிக்குத் தனி இனம் போட்டு, தொகையை நீங்களே நிரப்பி, எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள். 4 அப்ரண்டிஸ், மாதம் 8,000, 12 மாதம் என்றால் 3,84,000 ரூபாய். 2016இல் வந்த தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அது 72,000. மீதி 3,12,000. இரண்டு கோடியே 40 லட்சத்தில் இது 1.3 சதவீதம். ஒப்பந்தம் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிவானதற்கான நகல், மாத வருகை, வங்கிச் சீட்டு மூன்றையும் காட்டினால்தான் அந்த இனத்துக்குப் பில் பாஸ் ஆக வேண்டும்.

12 மாதம் என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரே கட்டடத்தில் செங்கல் கட்டு இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவனை மூட்டை தூக்கவும் கூட்டிப் பெருக்கவும் விட்டால் நான்காவது மாதமே வராமல் போவான், போவதும் நியாயம். மூன்று நான்கு ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து பிள்ளைகளைத் தளம் மாற்றி அனுப்பலாம். ஒப்பந்தத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள மூன்றாம் தரப்பு ஒருங்கிணைப்பாளரைத் திட்டமே அனுமதிக்கிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் அரசு ஐ.டி.ஐ.யிலோ கடலூர் அரசு ஐ.டி.ஐ.யிலோ பயிற்சி அலுவலரைப் பார்த்து, மே மாதத்திலேயே எந்தப் பிரிவில் எத்தனை பேர் வெளிவருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிறைந்தவரை மட்டும் எடுங்கள். அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையது என்று அப்ரண்டிஸ் சட்டமே சொல்கிறது, ஆகவே முதல் நாளுக்கு முன்பே காப்பீடு.

கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்பதையும் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் "பார்த்துக் கத்துக்கோ" என்பதோடு முடிந்துவிடும். முதல் மாதம் கலவை, கல் நனைத்தல், நூல் பிடித்தல், ரசமட்டமும் தூக்குக் குண்டும். கல்லை நனைக்காமல் கட்டினால் சாந்தின் ஈரத்தை அது குடித்துவிடும், மறுநாள் கையால் தள்ளினாலே கல் பெயரும். இதை ஒரு வரிசை கட்டச் சொல்லித் தள்ளிக் காட்டிவிட்டால் அவன் மறக்கமாட்டான். இரண்டாம் மாதம் மூலை. சுவரின் நடுவை யாரும் கட்டிவிடலாம், நூல் இழுத்தால் போதும். மூலை எழுப்பத் தெரிந்தவன்தான் கொத்தனார். நாலு வரிசைக்கு ஒரு தரம் குண்டு பார்க்க வேண்டும், கல்லுக்குக் கல் இடையிலான சாந்துக் கீல் 10 மி.மீ.யில் நிற்க வேண்டும், ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. பிறகு பூச்சு: உள்ளே 12 மி.மீ., மேற்கூரைக்கு 6 மி.மீ. மூன்றாவது மாத முடிவில் தேர்வு: ஒரு மீட்டர் சதுரத்துக்கு ஒரு மூலைச் சுவர், பூச்சோடு. மட்டப்பலகையை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தேறினால் தொகை கூடும், தேறாவிட்டால் அதே சுவரை இடித்துத் திரும்பக் கட்டலாம், வெட்கமில்லை. கற்றுத்தரும் மேஸ்திரிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதப்படி கொடுங்கள். தன் கூலியை விட்டுவிட்டு அவர் சும்மா சொல்லித் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு.

இதில் வெகுகாலமாக நடக்கும் ஓர் அநியாயத்தையும் சேர்த்துச் சரிசெய்யலாம். இருபது வருடம் பாண்டில் (இரும்புச் சட்டியில்) கலவை சுமந்த அக்காக்கள் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள். கலவையைப் பார்த்த மாத்திரத்தில் மணல் கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவர்கள். கரண்டியை மட்டும் யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை, கூலியும் சித்தாள் கூலியோடு நின்றுவிட்டது. முன்னனுபவத்தை அங்கீகரித்துச் சான்று தரும் பயிற்சி மத்திய அரசின் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. பூச்சும் டைல்ஸ் பதிப்பும் அவர்களுக்குச் சில மாதத்தில் கைவரும். மாணவியர் விடுதி கட்டும் கல்லூரி, பயிற்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. தளத்தில் தாழ்ப்பாள் போட்ட ஒரு கழிப்பறையும் தண்ணீரும் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும், அதில்லாமல் இந்த வரிக்குப் பொருளில்லை. கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் நல வரியாகப் போகிறது. தளத்தில் வேலை செய்பவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒப்பந்ததாரர் பார்த்துச் செய்து கொடுத்தால் அந்தப் பணத்தின் பலன் அவர்களுக்கே திரும்பும்.

கட்டி முடித்த பிறகு விடுதிக்குப் பராமரிப்பு ஆள் தேவைப்படும். அந்த நான்கு பேரில் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கல்லூரியே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் தண்ணீர்க் குழாயும் வயர் போகும் காண்ட்யூட் குழாயும் தெரிய, பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்து, அறை எண் போட்டு அவர்களிடமே கொடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து இரண்டாம் மாடியில் ஈரம் ஊறும்போது, எந்த டைல்ஸை மட்டும் பெயர்த்தால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும்.